இன்னும் கொஞ்சம் இருக்கு

வெல்டருக்கு அந்த வாரம் முழுக்க வயிறு எரிந்தது. சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். பொறாமை. அதற்கு வேறு நல்ல பேராக வைத்து மூடிப் பார்த்தார் மனுஷன். தொழில் மரியாதை என்றார், குடும்பத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா என்றார், தனக்குத்தானே பேசித் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார். ஒன்றும் எடுபடவில்லை. பெண்டாட்டியின் அத்தை மகனைக் கண்டாலே அவருக்கு ஆகவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

எல்லாம் ஒரு கார் சீட்டில்தான் ஆரம்பித்தது. அவருடைய பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியில் வேலை முடிந்தாலும், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் சொந்தக்காரரிடம் கொடுப்பதில்லை. வெல்டர் ஓட்டுவார், பக்கத்து சீட்டில் அவர் மனைவி உட்காருவாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு கையை டேஷ்போர்டின் மேலும் இன்னொரு கையைக் கதவின் மேலும் வைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத் தெரு, ரயில்வே கேட், தண்ணீர்த் தொட்டி வளைவு, மறுபடி பட்டறை. பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, எந்தத் தகடு துடிக்கிறது, எந்த ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். டெலிபோனும் ஆபீஸ் அறையும்தான் அவளுக்கு. ஸ்பானரைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் அந்தக் கைக்குத் தப்பிய ஆட்டம் ஒன்று கிடையாது.

அந்தக் கை இல்லாவிட்டால் வெல்டர் பாடு திண்டாட்டம்தான். கிரைண்டரை இருபது வருஷம் பிடித்ததில் அவருடைய விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. சட்டைப் பித்தான் போடுவதற்கே நாலு தடவை தடவ வேண்டும். பெரிய ஆட்டம் என்றால் தெரியும், சின்ன நடுக்கம் தெரியாது. இது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சமாச்சாரம். வெளியே தெரிந்தால் யார் வண்டியை விடுவார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த சீட்டில் உட்கார்ந்து அவள் பொய் சொன்னதே இல்லை. வீட்டில் அவளும் ஊர் உலகத்தைப் போலத்தான். அவர் எடுத்து வந்த சட்டை பிடிக்காவிட்டாலும் "நல்லா இருக்கு" என்பாள். விடிய விடியப் புரண்டு படுத்துவிட்டு "நல்லாத் தூங்கினேன்" என்பாள். சீட்டில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. "இன்னும் இருக்கு" என்பாள், அல்லது "போயிடுச்சு" என்பாள். மூன்றாவது பேச்சில்லை. பதினேழு வருஷமாக அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வெல்டர் ஒவ்வொரு வண்டியையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் கண் டாக்டர் அம்மாவின் வண்டி வந்து சேர்ந்தது.

இரண்டே கதவுள்ள பழைய வண்டி. துணிக் கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டே போகலாம். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஆனால் ரோட்டில் ஒரு சின்ன மேடு வந்தால் போதும், முன் கண்ணாடிச் சட்டம் நடுங்கியது, ஸ்டியரிங் கையில் துள்ளியது, கதவு இரண்டும் குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோலக் கடகடவென்றன.

"பின்னால வர்ற ஒரு லாரி கண்ணாடியில மூணு லாரியாத் தெரியுதுங்க," என்றார் டாக்டர் அம்மா. "நானே கண் டாக்டர். இதை நான் யார்கிட்ட போய்க் காட்டுறது?"

வெல்டர் சிரித்துவிட்டு வண்டியை வாங்கி வைத்தார். முதலில் சக்கரங்களைச் சமன் செய்தார், டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார். சுற்று போனார்கள். "இன்னும் இருக்கு," என்றாள் மனைவி. பிறகு ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றினார், இன்ஜின் உட்கார்ந்திருக்கும் ரப்பரை மாற்றினார், கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் இறுக்கினார். ஐந்து நாள் வேலை. மறுபடி சுற்று. அவள் ரயில்வே கேட் தண்டவாளத்தைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, "இன்னும் இருக்குங்க," என்றாள்.

அவருக்கு மூக்கு உடைந்ததுபோல ஆகிவிட்டது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் அடுத்ததாக ஒன்று சொன்னாள்.

"அத்தானைக் கூப்பிடட்டுமா?"

அத்தான் என்பவன் அவளுடைய அத்தை மகன். பெரிய கார்த் தொழிற்சாலையில் வண்டியின் உடம்பைச் சோதிக்கும் பிரிவில் வேலை. வண்டியை மெஷினில் ஏற்றி உலுக்கி, எங்கே வளைகிறது, எங்கே முறுக்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வான். அந்தப் பிரிவை வேறெங்கோ மாற்றுகிறார்கள் என்று இரண்டு மாதமாக வீட்டில் சும்மா இருந்தான். அவளுக்கு முறைப் பையன். ஒரு காலத்தில் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணப் பேச்சு எடுத்ததும், அவன் படிக்கப் போனதில் அது அப்படியே விட்டுப்போனதும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். விசேஷ வீடுகளில் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வெல்டரும் கூடவே சிரிப்பார், வாயால் மட்டும்.

"கூப்பிடேன்," என்றார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.

அத்தான் ஒரு பையோடு வந்து இறங்கினான். முறைப்படி பார்த்தால் அவன் வெல்டருக்குத் தம்பி ஆக வேண்டும். அதனால் வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்றான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லாத பேச்சு. அதுதான் வெல்டருக்கு இன்னும் எரிச்சல். இவள் பத்து வார்த்தைக்கு ஒரு தரம் "அத்தான்" என்றாள். பதினேழு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற புருஷனை என்னவென்று கூப்பிடுகிறாள்? "என்னங்க." ராங் நம்பரில் யார் பேசினாலும் அவர்களும் "என்னங்க"தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரும் "என்னங்க"தான். இவனுக்கு மட்டும் தனியாக ஒரு சொல், அதுவும் தேனில் தோய்த்து.

அது போதாது என்று அவன் அவளை "வாலு" என்று கூப்பிட்டான்.

"வாலா?" என்றார் வெல்டர்.

"சின்ன வயசுல அப்படித்தாண்ணே. ஒரு இடத்துல உக்கார மாட்டா. மரத்துல இருந்து விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டவ. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. முட்டியில் தழும்பு இருப்பது தெரியும். அது மரத்திலிருந்து விழுந்த தழும்பு என்று அவள் சொன்னதில்லை, அவர் கேட்டதுமில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கப் போன் செய்த டாக்டர் அம்மா, பின்னால் அவள் "அத்தான், அத்தான்" என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அதுதான் அவன் பேர் என்று எண்ணிக்கொண்டு, "அந்த அத்தான் சார்கிட்ட கொஞ்சம் குடுங்களேன்," என்று வெல்டரிடமே கேட்டார். வெல்டர் போனை நீட்டினார். முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் அத்தான் ஒரு காலிச் செருப்புப் பெட்டி கேட்டான். அவள் அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். மூடியோடு அதைப் பிடித்து முறுக்கினான், அசையவில்லை. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினான், பெட்டி கோணிக்கொண்டது.

"கூரைதான்ணே மூடி. மத்த வண்டிக்கெல்லாம் மேல கூரை இருந்து இழுத்துப் பிடிச்சிக்கும். இதுல மேல பிடிக்க ஆள் இல்ல. அதனால நடு உடம்பு ஒவ்வொரு மேட்டுக்கும் வளையுது. நீங்க செஞ்ச வேலையெல்லாம் சரியான வேலைதான். ஆனா நோவு சக்கரத்துல இல்ல, உடம்புல இருக்கு."

பெட்டியின் அடியில் இரண்டு அட்டைத் துண்டைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினான். இப்போது மூடியில்லாமலே முறுக்கக் கஷ்டமாக இருந்தது. அவள் வாங்கி முறுக்கிப் பார்த்தாள், சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி முறுக்கினாள். "என்னங்க, பாருங்களேன்," என்றாள். வெல்டர் பார்த்தார். போன வருஷம் அவர் வாங்கித் தந்த செருப்பின் பெட்டி அது. அதில் பசையைத் தடவி நாசம் பண்ணியிருந்தான்.

ஆனால் அவன் சொன்னது சரி. அது அவருக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தானாகத் தோன்றியிருக்க வேண்டிய விஷயம்.

"நீ எப்படிப் பாக்குறேன்னு நான் பாக்கணுமே வாலு," என்றான் அத்தான். "வா, ஒரு சுத்து போய்ட்டு வருவோம். எந்த இடத்துல நடுங்குதுன்னு நீ சொல்லு, நான் குறிச்சுக்கிறேன்."

அவள் யோசிக்கவே இல்லை. ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். பட்டறை வாசலில் நின்றுகொண்டு வெல்டர் அதைப் பார்த்தார். கண்ணை மூடி, ஒரு கை டேஷ்போர்டில், ஒரு கை கதவில். பதினேழு வருஷத்தில் அந்த சீட்டில் இருந்தபடி அவள் வேறொருத்தன் பக்கம் முகத்தைத் திருப்பி அவர் பார்த்ததில்லை. பன்னிரண்டு நிமிஷச் சுற்றுக்கு அவர்கள் இருபத்துமூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டார்கள். தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்து, சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"கேட் போட்டுட்டாங்க," என்றாள்.

அந்த நேரத்தில் ரயில் ஏது என்று வெல்டர் மனசுக்குள் அட்டவணையைப் புரட்டினார். கூட்ஸ் வண்டியாக இருக்கலாம். இருக்கட்டும். கூட்ஸ் வண்டிக்கும் அவர் மேல் என்ன பகையோ.

வேலை ஆரம்பித்தது. வரைவது அத்தான், செய்வது வெல்டர். அவனுக்குப் பற்றவைக்க வராது. ஒரு தடவை முயன்று பார்த்துத் தகட்டில் ஓட்டை போட்டான், அது மட்டும் வெல்டருக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஒரே ஆறுதல். வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி இரண்டு தூண் லிஃப்டில் ஏறி நின்றது. தூண்களிலிருந்து நீண்ட இரும்புக் கைகள் அதை நடுவயிற்றில் தாங்கின, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. இரும்புக் குழாய்களை அளந்து வெட்டி, முனையைத் தேய்த்து, அடித்தகட்டில் பெருக்கல் குறி போல வைத்துப் பார்த்தார் வெல்டர். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

கீழே நின்று அண்ணாந்து பார்த்த அத்தான் சொன்னான்: "கச்சிதம்ணே. ஆனா பத்த வைக்கிறதை நாளைக்கு இறக்கிட்டு வைப்போம். ஆள் இறங்கி வேலை பாக்குற குழிக்கு மேல, நாலு சக்கரமும் தரையில நிக்கணும், கதவு ரெண்டும் சாத்தியிருக்கணும். இப்படி நடுவுல தூக்கியிருந்தா ரெண்டு முனையும் தொங்கிக்கிட்டிருக்கும். அப்படியே வச்சிட்டா வண்டி அந்தக் கோணலோட நின்னுடும்."

"ம்," என்றார் வெல்டர்.

அந்த நிமிஷம் அவர் மனைவி, அத்தானின் காலரில் விழுந்திருந்த ஒரு துருச் செதிலை இரண்டு விரலால் எடுத்துப் போட்டாள். போகிறபோக்கில் செய்த காரியம், அவளுக்கே ஞாபகம் இருக்காது. வெல்டரின் காதில் அத்தான் சொன்னது விழுந்தது, ஆனால் மனசு காலரை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் இருவரும் கதவு ரப்பர் வாங்கப் போனார்கள். கடை அவளுக்குத் தெரியும், அளவு அவனுக்குத் தெரியும், ஆகவே இரண்டு பேரும் போக வேண்டியதாயிற்றாம். அவருடைய வேனிலேயே போனார்கள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றே கால் ஆயிற்று. வெல்டர் வாசலுக்கும் லிஃப்டுக்கும் நடந்தார். மேலே குழாய்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. அவன் வந்து, நின்று, இப்படி வைங்க அண்ணே அப்படி வைங்க அண்ணே என்று சொல்ல, அவள் பக்கத்தில் நின்று தலையாட்ட, கடைசியில் அவனோடு சீட்டில் உட்கார்ந்து "போயிடுச்சு அத்தான்" என்று சொல்வாள். அது அவர் காதில் இப்போதே கேட்டது.

முகமூடியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். உள்ளே கம்பளத்தைச் சுருட்டி ஈரச்சாக்கு விரித்தார், பேட்டரி வயரைக் கழற்றினார், பற்றவைத்துவிட்டார். பதினேழு வருஷமாகக் கூரையுள்ள வண்டிகளை இப்படி மேலே தூக்கித்தான் பற்றவைத்திருக்கிறார், ஒரு வண்டிக்கும் ஒன்றும் ஆனதில்லை. கை தன் பழக்கத்தில் போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவர் போட்ட பற்றுப்போல ஜென்மத்தில் போட்டதில்லை. அத்தனை சீராக, அத்தனை அழகாக.

இறக்கினார். கம்பளத்தை விரித்து வயரை மாட்டினார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து சாத்தினார், சரியாகவே விழுந்தது. மறுபக்கக் கதவைத் திறந்து சாத்தினார். பிடிக்கவில்லை. மறுபடி சாத்தினார். முட்டித் திரும்பி வந்தது. கதவின் மேல் சந்தில் விரல் நுழைந்தது, கீழ்ச் சந்தில் காகிதம் நுழையவில்லை. அப்போதுதான் நேற்று அத்தான் சொன்னது, ஒரு எழுத்து விடாமல், முழுசாக ஞாபகம் வந்தது.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

சொல்லியிருக்கலாம். "அவசரப்பட்டுட்டேன், வெட்டி எடுத்துடறேன்," என்று ஒரு வார்த்தை. அதற்குப் பதில் அவர் இடுப்பைக் கொடுத்துக் கதவை அழுத்தினார். மூன்றாவது அழுத்தலில் பாதிச் சத்தத்தோடு தொற்றிக்கொண்டது.

"முடிச்சிட்டீங்களா? நீங்க ஒருத்தரேவா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். அத்தான் வேனின் பின்பக்கம் ரப்பர்ச் சுருளை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் கண் அந்தச் சந்தில் விழுவதற்குள் அவள் வாயிலிருந்து "போயிடுச்சு" என்ற சொல்லை வாங்கிவிட வேண்டும் வெல்டருக்கு.

"வா, ஒரு சுத்து போய்ட்டு வந்துடலாம். அப்புறம் எல்லாம் பேசிக்கலாம்."

அவரே கதவைத் திறந்துவிட்டார். அவள் உட்கார்ந்து கதவுக்குக் கையை நீட்டினாள்.

"இரு, இரு. நான் சாத்துறேன்."

அவள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். அவர் இடுப்பைக் கொடுத்து அழுத்தினார், ஒரே தடவையில் பாதிச் சத்தம் கேட்டது.

பள்ளிக்கூடத் தெருவில் வண்டி கல்போலப் போயிற்று. முன் கண்ணாடிச் சட்டம் நடுங்கவில்லை. கண்ணாடியில் ஒரு லாரி ஒரே லாரியாக வந்தது. அவள் கதவில் கை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள், உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. தண்டவாளத்தில் ஏறி இறங்கினார்கள்.

"போயிடுச்சுங்க," என்றாள். "நிஜமாவே போயிடுச்சு."

வெல்டருக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி முழுசாக இறங்குவதற்குள் தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தது. வண்டி திரும்ப, கதவு படாரென்று திறந்துகொண்டது. கதவின் மேல் வைத்திருந்த அவள் கை கதவோடு வெளியே போக, தோள் பின்னாலேயே போயிற்று. பெல்ட் பிடித்து நிறுத்தியது. அவளுக்குக் கீழே தார் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. வெல்டர் பிரேக்கை அழுத்தினார்.

அவள் ரோட்டைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். சாய்ந்து, மேல் சந்தையும் கீழ்ச் சந்தையும் பார்த்தாள்.

"மேல இருக்கும்போதே வச்சிட்டீங்களா?"

"ம்."

பட்டறை வரும்வரை அவள் கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அத்தான் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டான். சந்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இறக்கிட்டு வைக்கணும்னு சொல்லியிருந்தேனே," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வெல்டர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "அவர் மேல தப்பில்ல அத்தான். நான்தான் போன் பண்ணி வச்சிடச் சொன்னேன்."

"நீயா? எப்போ? என்கூடத்தானே இருந்தே?"

"நீங்க உள்ள ரப்பர் அளந்துக்கிட்டிருந்தப்போ. டாக்டர் அம்மா அவசரப்படுறாங்களேன்னு நான்தான் சொன்னேன்."

அத்தான் தலையைச் சொறிந்தான். "சரி விடு. வெட்டி எடுத்துட்டு மறுபடி வச்சிக்கலாம்," என்றான்.

வெல்டருக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. அவன் முன்னால், அத்தான் முன்னால், அவள் யார் பக்கம் நின்றாள்? புருஷன் பக்கம். யாருக்காகப் பொய் சொன்னாள்? புருஷனுக்காக. சனிக்கிழமை பூராவும் தன்னுடைய அழகான பற்றைத் தானே கிரைண்டரால் அறுத்துப் போட்டார், அதில்கூட அவருக்கு வருத்தம் தெரியவில்லை. இடையில் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு சும்மா இருக்குமா? அவள் பொய் சொன்னதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஓட்ட ஓட்ட ஒன்று உறுத்தியது. அவள் கண் இமைக்கவில்லை. குரல் மாறவில்லை. எந்தக் குரலில் "இன்னும் இருக்கு" என்பாளோ அதே குரல். இத்தனை சுலபமாக அவளுக்குப் பொய் வருமா? பட்டறையில், வண்டி விஷயத்தில்? வெல்டர் பாட்டை நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் நிற்க, கதவு இரண்டையும் சாத்தி, வெல்டர் குழிக்குள் குனிந்து நின்று பற்றவைத்தார். தீப்பொறி கழுத்துக்குள் விழுந்தது. மூச்சு விடாமல் செய்து முடித்தார். கதவு இப்போது விரலால் தள்ளினாலே கிளிக் என்று சாத்திக்கொண்டது. சந்து மேலும் கீழும் ஒரே அளவு.

"ஏறு," என்றார் மனைவியிடம்.

அவள் ஏறி, கதவைத் தானே சாத்திக்கொண்டாள். ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள், இன்னொரு தடவையும் தள்ளிப் பார்த்தாள். வண்டி கிளம்பியது. பள்ளிக்கூடத் தெரு தாண்டவில்லை, தண்டவாளம் வரவில்லை, "போயிடுச்சு," என்றாள்.

வெல்டர் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை மூடவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்க. போயிடுச்சு. நல்லா இருக்கு."

நல்லா இருக்கு. பதினேழு வருஷத்தில் அந்த சீட்டில் அவர் கேட்டிராத சொல். அது சட்டைக்குச் சொல்கிற சொல். வெல்டர் ஸ்டியரிங்கை விரல் நுனியால் அழுத்திப் பிடித்தார். கண்ணாடியில் லாரி ஒற்றையாகத்தான் வந்தது. ஆனால் அந்த மரத்த விரல்களுக்கு, உள்ளே ஏதாவது நடுங்குகிறதா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. கேட்க வேண்டிய ஆள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் புரியவில்லை.

பட்டறைக்குள் வந்து நிறுத்தினார். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். வெல்டர் சாவியைக் கழற்றாமலே இறங்கினார். சொல்ல வந்ததை இரண்டு தரம் மென்று முழுங்கினார்.

"தம்பி, நீ ஒரு சுத்து ஓட்டிட்டு வா," என்றார். "அவளையும் கூட்டிட்டுப் போ."

"இப்பத்தானேண்ணே போய்ட்டு வந்தீங்க?"

"பரவால்ல. போய்ட்டு வா."

சீட்டில் இருந்த அவள் அவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வண்டி தெருமுனையில் திரும்பும்போது மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள். ஒரு கை டேஷ்போர்டில், ஒரு கை கதவில்.

வாசலிலேயே நின்றார். உள்ளே கொதித்தது. தன் கையால் தானே ஏற்றி அனுப்பிவிட்டு நிற்கிற முட்டாள் உலகத்தில் வேறு எவனாவது உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டார். ரயில் எதுவும் வரவில்லை. சரியாகப் பன்னிரண்டாவது நிமிஷம் வண்டி திரும்பி வந்தது.

"அருமையா வந்திருக்குண்ணே," என்று இறங்கினான் அத்தான். "இடது முன்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்குங்கிறா. குழாய் முனையில ஒரு சின்னத் தகடு சேர்த்துட்டா போதும். எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு." சொல்லிக்கொண்டே தகடு தேடப் பின்கட்டுக்குப் போனான்.

வெல்டர் சீட் பக்கம் போய் நின்றார்.

"என்கிட்ட போயிடுச்சுன்னு சொன்னியே."

அவள் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?" என்றாள். சத்தமே இல்லாத குரல். "ரெண்டு தடவை இன்னும் இருக்குன்னு சொன்னேன். மூணாவது தடவை, பிடிக்காத கதவுப் பக்கம் என்னை உக்கார வச்சு ஓட்டிட்டுப் போனீங்க. மறுபடியும் இருக்குன்னு சொன்னா இன்னும் என்ன பண்ணுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

"அது தெரியாம..."

"தெரியாமலா சாத்தினீங்க?"

வெல்டர் கதவின் மேல் விளிம்பை விரலால் தடவினார்.

"இத்தனை வருஷத்துல முதல் தடவையா எனக்குக் கதவு சாத்தி விட்டீங்க," என்றாள். "எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அந்த வளைவு வர்ற வரைக்கும் அதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன்."

இறங்கினாள். கதவைச் சாத்தினாள், கிளிக் என்றது. ஆபீஸ் அறையில் டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது, அதை எடுக்கப் போய்விட்டாள்.

வண்டியை மறுபடி குழிக்கு மேல் நிறுத்தினார்கள். வெல்டர் முகமூடியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். கொஞ்ச நேரம் ஆபீஸ் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். போனை வைத்துவிட்டு அவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"இடது பக்கமா?" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஆமாண்ணே, இடது," என்றான் அத்தான்.